ஒப்சர்வேஷன் எழுதுவது எப்படி? தமிழ் சைல்ட்மைண்டர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டன் ஹரோவில் என் வீட்டு முன்னறையில் பதினொரு வருடமாக, சைல்ட்மைண்டராக, அதாவது பதிவு செய்துகொண்டு மற்றவர்களின் பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். புதிதாகப் பதிவு செய்த சகோதரிகள் போன் எடுத்துக் கேட்பதில் பாதிக்கு மேல் இந்த எழுத்து வேலையைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, அதனால் எழுதிவிட்டேன். இங்கே உள்ள விதிகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டமும் வேறு, சோதிக்க வருபவர்களும் வேறு.

ஒப்சர்வேஷன் என்றால் என்ன? டயரி எழுதுகிறோமே, அது போதாதா?

போதாது. "பன்னிரண்டு மணிக்குச் சோறும் பருப்பும் சாப்பிட்டான், ஒரு மணித்தியாலம் நித்திரை, இரண்டு தரம் நாப்பி மாற்றினேன்" என்பது டயரி. தாய்க்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறான் என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

பிள்ளை ஏதோ ஒன்றில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்கள். கண்டதையும் கேட்டதையும் குறிக்கிறீர்கள். அதை வைத்து நாளைக்கு அவனுக்கு என்ன எடுத்து வைக்கலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். இந்த மூன்றாவது வேலை நடக்காவிட்டால் முதல் இரண்டும் அலுமாரிக்குள் கிடக்கும் கடதாசிதான். "பிள்ளை பார்க்கிறேன்" என்று நாங்கள் தொழிலுக்கே பெயர் வைத்திருக்கிறோம். பார்ப்பது பழகிவிட்டால் எழுதுவது பெரிய விஷயமில்லை.

நேற்று யாரோ ஒஃபிசில் இருந்து கண்டுபிடித்த வேலையும் இல்லை இது. 1924 இல் கேம்பிரிட்ஜில் மோல்டிங் ஹவுஸ் என்ற சின்னப் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்ற சூசன் ஐசக்ஸ், பிள்ளைகள் சொன்னதையும் செய்ததையும் அப்படியே எழுதி வைத்தார். நூறு வருடமாகியும் முறை பெரிதாக மாறவில்லை.

மாதத்துக்கு எத்தனை எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. எண்ணிக்கையே கிடையாது.

ஐந்து வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்கான ஈ.வை.எஃப்.எஸ். என்ற சட்டக் கட்டமைப்பு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரியில் இருந்து சைல்ட்மைண்டர்களுக்கு என்று தனிப் பதிப்பே இருக்கிறது. நேர்சரிக்கு எழுதிய பதிப்பை இறக்கி வாசித்துவிட்டுப் பயந்து போகாதீர்கள். பிள்ளையோடு இருக்கும் நேரத்தை நீளமாகப் பறிக்கும் மதிப்பீடு வேண்டாம், அளவுக்கு மிஞ்சிய எழுத்து வேலை வேண்டாம், பிள்ளையின் நிலையைச் சொல்ல உங்கள் சொந்த அறிவும் அனுபவமும் போதும், சாட்சிக்குக் கடதாசி குவிக்கத் தேவையில்லை என்றுதான் கட்டமைப்பு சொல்கிறது. வளர்ச்சியைப் பற்றி எங்களிடம் கட்டாயம் எழுத்தில் கேட்பது இரண்டு வயதுச் சுருக்கம் ஒன்றைத்தான். அது கீழே வருகிறது.

நான் ஒரு பிள்ளைக்கு இரண்டு கிழமைக்கு ஒன்று, கூடிப்போனால் இரண்டு எழுதுவேன். முதல் வருடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் மினுக்கம் ஒட்டிய ஸ்க்ராப் புக் செய்தேன். இரவு பதினொரு மணிக்குக் கத்தரிக்கோலும் கையுமாக இருந்ததுதான் மிச்சம்.

ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்கும்? உதாரணம் காட்டுங்கள்.

முதலில் நான் பழைய நாட்களில் எழுதிய மாதிரி ஒன்று:

"டின்னோடு சந்தோஷமாக விளையாடினான். கை நன்றாக வேலை செய்கிறது. கெட்டிக்காரன்."

இதில் பிள்ளையே இல்லை. பெயரை மாற்றிவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். இனி, அதே விளையாட்டை ஒழுங்காகப் பார்த்து எழுதியது:

"செவ்வாய், காலை 10.20. 19 மாதம். பால்மா டின், மூடியில் நீளமான ஓட்டை. வில் இல்லாத மரக் கிளிப்பைக் குறுக்கே வைத்துத் தள்ளினான். போகவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினான். என்னைப் பார்த்தான். நான் பேசாமல் இருந்தேன். கிளிப்பைத் திருப்பி ஓட்டையின் பக்கமாகப் பிடித்தான். விழுந்தது. 'டொக்' என்றான். அடுத்ததை முதலே திருப்பிப் பிடித்தான். 11 கிளிப் போட்டான். டின்னைக் கவிழ்த்தான், ஒன்றும் வரவில்லை. டின்னைத் தூக்கி வந்து என் மடியில் வைத்து, என் கையைப் பிடித்து மூடியில் வைத்தான்."

எழுத இரண்டு நிமிடம். ஆனால் என்னென்ன இருக்கிறது பாருங்கள். முதல் தரம் பிழைத்ததை வைத்து இரண்டாவது தரம் திருத்திக்கொண்டான். சத்தத்துக்கு ஒரு சொல் வைத்தான். தன்னால் முடியாததை யாரிடம் கேட்பது, வாயால் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்றும் தெரிந்து வைத்திருக்கிறான். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "அடுத்தது: அவனே திறக்கக்கூடிய மூடி. வட்ட ஓட்டை உள்ள இன்னொரு டின். 'திற', 'ஓப்பன்' இரண்டும் சொல்லிக் கொடுக்க." மறுநாள் வீட்டில் கிடந்த பழைய டப்பா ஒன்றைத்தான் வைத்தேன், காசு கொடுத்து ஒன்றும் வாங்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் பேசாமல் இருந்ததையும் எழுதியிருக்கிறேன். நான் "திருப்பு, திருப்பு" என்று சொல்லியிருந்தால் அது என் மூளை, அவனுடையதில்லை. நீங்கள் எவ்வளவு உதவினீர்கள் என்பது எப்போதும் குறிப்பில் வர வேண்டும்.

எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

குழப்படி, அடம், செல்லம், வெட்கம், சோம்பல், கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. எங்கள் வாயில் நாள் முழுக்க வரும் சொற்கள்தான் எல்லாம், அதனால்தான் சொல்கிறேன். இவை தீர்ப்புகள். "குழப்படி செய்தான்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. "நான் சப்பாத்து போடச் சொன்னதும் மேசைக்குக் கீழே போய்ப் படுத்தான். 'நோ பார்க்' என்று மூன்று தரம் சொன்னான்" என்று எழுதுங்கள். எழுதிவிட்டுப் பார்த்தால், முதல்நாள் பார்க்கில் நாய் குரைத்தது ஞாபகம் வரும். வந்திருக்கிறது, எனக்கே.

மென்மையாகத் தெரியும் சொல்லும் அதே பாடுதான். "வெட்கம்" என்று மூன்று வயதில் ஒரு பிள்ளையின் ஃபைலில் ஏறினால் ரிசெப்ஷன் (பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பு) ரீச்சரும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார்.

தமிழில் எழுதலாமா?

உங்கள் கைக்குறிப்பைத் தமிழில் எழுதலாம். நானும் அவசரத்துக்குப் பாதி தமிழ், பாதி ஆங்கிலமாகக் கிறுக்குவேன். ஆனால் ஃபைலில் போகும் பதிவை ஆங்கிலத்தில் வைத்திருக்கக்கூடிய நிலையில் நாங்கள் இருக்க வேண்டும் என்பது கட்டமைப்பில் இருக்கிறது. இன்னொரு அதிகாரி கையில் அது நாளைக்குப் போகலாம் அல்லவா.

ஒரே ஒரு விதிவிலக்கு: பிள்ளை வாயால் சொன்னதை மொழிபெயர்த்து மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழில் சொன்னால் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கிலக் கருத்தைப் போடுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் குறைவு. பிந்திய பேச்சு என்று எழுதுவதா?

அவசரப்படாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் மற்ற சைல்ட்மைண்டர்களை விட நன்றாகச் செய்யக்கூடிய இடம் இதுதான்.

ஏறத்தாழ இரண்டரை வயதுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். முதல் ஐந்து கிழமை அவள் ஆங்கிலத்தில் சொன்னது "நோ", "மோர்", "ஹொட்" மூன்றும்தான். அதை மட்டும் எண்ணினால் கவலைப்பட வேண்டிய பிள்ளை. ஒருநாள் சூப் கோப்பையை வைத்தேன். கையை நீட்டினாள், இழுத்தாள். "ஹொட்" என்றாள். பிறகு எனக்குச் சொன்னாள்: "அம்மம்மா ஊதி ஊதித் தருவா. நீங்களும் ஊதுங்கோ."

இதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இங்கே இல்லாத ஒருவரைப் பற்றிக் கதைக்கிறாள். வழக்கமாக நடப்பதை "தருவா" என்று சொல்கிறாள். மரியாதைப் பன்மை போட்டு "ஊதுங்கோ" என்கிறாள். "நீங்களும்" என்ற "உம்" இருக்கிறதே, அம்மம்மாவையும் என்னையும் ஒரே வேலையில் சேர்த்துக் கட்டிவிட்டது. இரண்டரை வயதுக்கு இது அருமையான பேச்சு. ஆங்கிலம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். புதிய மொழிக்குள் வந்த பிள்ளை சில காலம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழமை.

கட்டமைப்பும் இதைத்தான் சொல்கிறது. பேச்சை மதிப்பிடும்போது ஆங்கிலத் திறனைப் பார்க்க வேண்டும். அது வயதுக்கு ஏற்ற அளவில் இல்லாவிட்டால், வீட்டு மொழியில் எப்படி என்று பெற்றோருடன் சேர்ந்து ஆராய வேண்டும். அதன் பிறகுதான் உண்மையில் பேச்சுத் தாமதமா என்று யோசிக்க வேண்டும். இரண்டு மொழியிலும் குறைவு என்றால் அது கவலை. ஒன்றில் மட்டும் என்றால் அவகாசமும் நிறையக் கதையும் பாட்டும் வேண்டும். வீட்டு மொழியை விளையாட்டில் பாவிக்க இடம் கொடுப்பதும் எங்கள் கடமை என்று அதே ஆவணத்தில் இருக்கிறது. ஆகவே "ஆங்கிலம் வரட்டும், தமிழை நிப்பாட்டுங்கோ" என்று ஒரு தாய்க்கும் சொல்லாதீர்கள். இரண்டு மொழி பேச்சைப் பிந்த வைக்காது.

அந்த அம்மம்மாவை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்துக் கேட்டேன். அரை மணித்தியாலத்தில் எனக்கு ஒரு மாதக் குறிப்பு கிடைத்தது.

கட்டமைப்பில் உள்ள ஏழு வளர்ச்சிப் பிரிவுகளிலும் ஒவ்வொரு குறிப்பையும் போட வேண்டுமா?

வேண்டாம். அடிப்படைப் பிரிவு மூன்று: பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, தன்னைப் பற்றியும் பிறரோடு பழகுவதும் உணர்ச்சியும். மற்றவை நான்கு: எழுத்தறிவு, கணிதம், உலகத்தை அறிதல், கலையும் கற்பனையும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் மூன்றில்தான் உங்கள் கண் இருக்க வேண்டும். மேலே சொன்ன டின் விளையாட்டை எந்தப் பிரிவில் போடுவது என்று அரை மணி யோசித்தால் அந்த அரை மணி வீண்.

டெவலப்மெண்ட் மேட்டர்ஸ் புத்தகத்தில் உள்ளதை ஒவ்வொன்றாக டிக் போட்டால் ஆகாதா?

அது அரசு வெளியிட்ட வழிகாட்டி, சட்டம் அல்ல. டிக் போடும் பட்டியலாகப் பாவிக்க வேண்டாம் என்பதுதான் அதை எழுதியவர்களின் எண்ணமும். நான் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து, நான் பார்க்கத் தவறிய பக்கம் ஏதும் உண்டா என்று மட்டும் புரட்டுவேன். டிக் போடத் தொடங்கினால் பிள்ளையைப் பார்க்க மாட்டீர்கள், பெட்டியைத்தான் பார்ப்பீர்கள்.

மூன்று பிள்ளைகள் கையில். எப்போது எழுதுவது?

ஒட்டுக் கடதாசிக் கட்டு ஒன்று யன்னல் கட்டில், ஒன்று சமையலறை அலுமாரிக் கதவில். பேனையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அது பிள்ளையின் வாயில் இருக்கும். நடக்கும்போது நாலு சொல் போதும்: "கிளிப், திருப்பினான், டொக், மடி." மத்தியானம் நித்திரை கொள்ளும்போது அதை விரித்து எழுதுவேன். பின்னேரம் வரை விட்டால் "டொக்" மறந்துபோகும். அதை மறந்தால் மிச்சத்தை எழுதிப் பயனில்லை.

பிள்ளை கை நீட்டிக் கூப்பிடும்போது பேனையை வைத்துவிட்டுப் போங்கள்.

ஒன்பது மாதக் குழந்தையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

2025 செப்டம்பரில் இருந்து வேலைக்குப் போகும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைகளுக்கும் 30 மணித்தியால அரச உதவி வந்துவிட்டதால் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. நிறைய இருக்கிறது. எதைப் பார்க்கிறாள், எவ்வளவு நேரம், யாரைத் திரும்பிப் பார்க்கிறாள், தபால்காரர் வந்தால் யாரிடம் தவழ்கிறாள், கரண்டியை விழுத்திவிட்டு எங்கே பார்க்கிறாள். விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் எங்கேயோ இருக்கிறது என்று விளங்கத் தொடங்கிவிட்டது. ஜான் பியாஜே இதைத் தன் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எழுதினார். நீங்கள் இருபதாவது தரம் கரண்டி பொறுக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயது ப்ரோக்ரஸ் செக் எப்படி எழுதுவது?

24 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் இடையில், அடிப்படைப் பிரிவு மூன்றையும் பற்றிய சுருக்கமான எழுத்தை பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். எதில் நன்றாக இருக்கிறாள், எதில் கொஞ்சம் உதவி வேண்டும், கவலை ஏதும் இருந்தால் என்ன செய்யப் போகிறீர்கள். இவ்வளவுதான். ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் தாதி) இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் தன் பரிசோதனையைச் செய்வார். அதற்கு முன் உங்களுடையது கையில் இருந்தால் தாய் கொண்டுபோய்க் காட்டலாம். காட்டச் சொல்லி ஊக்கப்படுத்துவது உங்கள் வேலை. நீங்களாக நேரே அனுப்புவதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். சூப் குடித்த பிள்ளைக்கு நான் எழுதிய பேச்சுப் பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி:

"தமிழில் நாலு, ஐந்து சொல் சேர்த்துக் கதைக்கிறாள், நடந்ததைச் சொல்கிறாள், கேள்வி கேட்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டு படி உள்ள அறிவுறுத்தல் விளங்குகிறது ('சப்பாத்தை எடுத்து கதவுக்குப் பக்கத்தில் வை'). ஆங்கிலத்தில் தானாகச் சொல்லும் சொல் ஏறத்தாழ 20. அம்மாவும் அம்மம்மாவும் வீட்டில் இதையே காண்கிறார்கள். பேச்சைப் பற்றிக் கவலை இல்லை. நான் செய்யப்போவது: தினமும் ஒரே ஆங்கிலக் கதையை இரண்டு தரம், பாட்டு, மற்றப் பிள்ளையோடு இருவராக விளையாட விடுவது."

பெற்றோர் வாயால் சொன்னதும் அதற்குள் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் நீட்டும் கடதாசியாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

ஏதோ சரியில்லை என்று மனம் சொல்கிறது. என்ன செய்வது?

முதலில் பழைய குறிப்புகளை ஒன்றாக வைத்து வாசியுங்கள். என்னிடம் ஒரு பையன் இருந்தான். மூன்று மாதக் குறிப்பும் அழகாக இருந்தது: தனியே கட்டை அடுக்குகிறான், தனியே கார் ஓட்டுகிறான், அமைதியாக இருக்கிறான். ஒருநாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பியபோதுதான் தெரிந்தது, ஒரு குறிப்பில்கூட அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. "அமைதி" என்று நான் எழுதிய இடமெல்லாம் அவனுக்குக் கேட்கவில்லையோ என்று உறைத்தது. அடுத்த கிழமை அதற்கென்றே பார்த்தேன். முன்னால் நின்று கூப்பிட்டால் ஐந்தில் ஐந்தும் திரும்பினான். பின்னால் நின்று கூப்பிட்டால் ஐந்தில் ஒன்று. அந்த எண்ணிக்கையைத் தாய் கையில் கொடுத்தேன். ஜிபி (குடும்ப டொக்டர்), பிறகு காது கிளினிக், காதுக்குள் பிசின் மாதிரித் தண்ணீர் தேங்கியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான். நான் "நல்ல அமைதியான பிள்ளை" என்று பெருமையாக எழுதிய மூன்று மாதம் இன்னும் எனக்குக் குத்துகிறது.

நோயின் பெயரையோ ஓட்டிசம் போன்ற சொல்லையோ நீங்கள் எழுதாதீர்கள். அது டொக்டரின் வேலை. திகதி, நேரம், எத்தனை தரம் என்பவைதான் உங்கள் ஆயுதம்.

காயம், கண்டல், பயந்த பேச்சு போன்றவை வேறு விஷயம். அவை ஒப்சர்வேஷன் ஃபைலுக்குள் வரக்கூடாது. பிள்ளைப் பாதுகாப்புப் பதிவில் தனியாக, பிள்ளை சொன்ன அதே சொல்லில், அன்றைக்கே எழுதி, உங்கள் கவுன்சிலின் நடைமுறைப்படி அறிவிக்க வேண்டும். அதற்குக் கிழமைக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போட்டோ எடுக்கலாமா? ஆப் வேண்டுமா?

பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு எடுக்கலாம். ஒரு பிள்ளையின் படத்தில் மற்றப் பிள்ளையின் முகம் இருந்தால் அதை இன்னொரு தாய்க்கு அனுப்பும் முன் யோசியுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்குத் தவறி அனுப்பிய கதை எனக்குத் தெரிந்து இரண்டு. படத்தையும் பதிவையும் போனிலோ கணினியிலோ வைத்திருந்தால் ஐசிஓ என்ற தகவல் ஆணையத்துக்கு வருடாந்தக் கட்டணம் கட்ட வேண்டும்.

டேப்பஸ்ட்ரி, ஃபாம்லி மாதிரி ஆப்கள் வசதிதான், கட்டாயம் அல்ல. படம் போட்டு மூன்று இதயம் வாங்கிவிட்டால் எழுதியாகிவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும். கொப்பியும் பேனையும் இன்னும் செல்லும்.

பெற்றோர் "ஏபிசி சொல்லுறானோ?" என்று மட்டும் கேட்கிறார்கள். என்ன பதில்?

எங்கள் ஆட்களிடம் இது தப்பாது. வாதாடாதீர்கள். பின்னேரம் கூட்டிப்போக வரும்போது குறிப்பில் ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். டின் கதையை அந்தப் பையனின் தகப்பனுக்கு வாசித்தேன். அவர் கட்டிட வேலை. "முதல் பிழைச்சதைப் பார்த்து ரெண்டாவதைத் திருப்பினவனோ?" என்று திரும்பக் கேட்டார். அன்றைக்கு ஏபிசி கேட்கவில்லை. அடுத்த திங்கள் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தால் ஃபைலைத்தான் முதலில் கேட்பாரா?

எங்களைச் சோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட் குறிப்பிட்ட வடிவத்தில் பதிவு எதையும் எதிர்பார்ப்பதில்லை. என்னிடம் வந்தவர் கம்பளத்தில் இருந்துகொண்டு, "இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். வந்தபோது எப்படி, இப்போது எப்படி, அடுத்தது என்ன?" என்றுதான் கேட்டார். பார்த்து எழுதிய ஆளுக்கு வாய் தானாக வரும். எழுத்து அதற்கான பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் குறிப்புகளை என்ன செய்வது?

வளர்ச்சிக் குறிப்புகளைப் பெற்றோரிடமே கொடுத்துவிடுவேன். அடுத்த ரீச்சருக்கு அவர்கள் சம்மதத்தோடு ஒரு பக்கச் சுருக்கம் போகும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய விபத்து, மருந்து, பாதுகாப்புப் பதிவுகளைப் பூட்டிய அலுமாரியில் நியாயமான காலம் வரை வைத்திருங்கள். ஒட்டுக் கடதாசிகளைக் கிழித்துப் போடலாம். "டொக்" எழுதிய கடதாசியை மட்டும் அவன் தாய் கேட்டு வாங்கிப் போனாள்.